வர்த்தகம் திறந்தால் கிராமத்து வீட்டில் என்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் உழவர் குழுக்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் வரவு செலவுக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் பாமாயில் இறக்குமதி, ஏற்றுமதித் தடை, உலக வணிக அமைப்பு ஆகியவற்றைப் பற்றி ஒரே வகையான சந்தேகங்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே வைத்து, எனக்குத் தெரிந்த விடைகளுடன் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் யாரும் வெளிநாட்டோடு வியாபாரம் செய்வதில்லை. வர்த்தகத்தைத் திறந்தால் எங்களுக்கு என்ன?

வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வருவதற்கு அரசு வைக்கும் தடைகள் இரண்டு வகை. ஒன்று இறக்குமதி வரி. மற்றொன்று, இவ்வளவுதான் வரலாம், இன்ன நிறுவனம்தான் கொண்டுவரலாம் என்னும் அளவுக் கட்டுப்பாடு. இவற்றைக் குறைப்பதையும் நீக்குவதையும், ஏற்றுமதிக்கு உள்ள தடைகளைத் தளர்த்துவதையும் சேர்த்தே வர்த்தகத்தைத் திறப்பது என்கிறோம்.

துறைமுகத்தைக் கண்ணால் பார்க்காத வீட்டுக்கும் இது வந்து சேர்கிறது. நியாய விலைக் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயில் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ விளைந்த எண்ணெய்ப்பனையின் எண்ணெய். பக்கத்து வீட்டுப் பெண் திருப்பூரில் தைக்கும் பனியன் அமெரிக்கக் கடைக்குப் போகிறது. நாம் விற்கும் பொருளின் விலை, நாம் வாங்கும் பொருளின் விலை, நமக்குக் கிடைக்கும் வேலையும் கூலியும் என மூன்று வாசல்கள் வழியாக வர்த்தகம் வீட்டுக்குள் நுழைகிறது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா விடைகளும் இந்த மூன்றையே சுற்றி வரும்.

இதெல்லாம் 1991-இல் மன்மோகன் சிங் கொண்டுவந்ததுதானே?

தொழிற்பொருள்களைப் பொறுத்தவரை ஆம். அந்நியச் செலாவணி ஏறத்தாழத் தீர்ந்துபோன நிலையில், 1991 ஜூலை தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. அதே மாதம் 24-ஆம் தேதி நிதிநிலை அறிக்கை வந்தது. 1990-இல் 80 சதவீதத்துக்கு மேல் இருந்த சராசரி இறக்குமதி வரி 1996-இல் 37 சதவீதமாக இறங்கியது.

வேளாண் பொருள்களுக்கு இது சில ஆண்டுகள் பிந்தி வந்தது. அதுவரை அரசு நிறுவனம் மட்டுமே இறக்குமதி செய்துவந்த பாமோலினை, அதாவது சமையலுக்கான பாமாயிலை, 65 சதவீத வரி கட்டி யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று 1994-இல் அனுமதி கொடுத்தார்கள். உலக வணிக அமைப்பு 1995 ஜனவரி 1 அன்று தொடங்கியது. சமையல் எண்ணெய் மீதான வரி 1998-இல் 15 சதவீதமாகக் குறைந்துவிட்டது. எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2000 ஏப்ரலிலும் 2001 ஏப்ரலிலும் நீங்கின.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போட உலக வணிக அமைப்பின் விதியே இந்தியாவுக்கு இடம் கொடுக்கிறது. சோயா எண்ணெய்க்கு மட்டுமே உச்சவரம்பு 45 சதவீதம். ஆகவே 15 சதவீதம் என்பது வெளியிலிருந்து திணிக்கப்பட்ட எண் அன்று. நகரத்து எண்ணெய் விலை ஏறக்கூடாது என்று தில்லியில் எடுத்த முடிவு. எல்லாப் பழியையும் உலக வணிக அமைப்பு இருக்கும் ஜெனீவாவின் மேல் போட்டுவிட்டால், முடிவு எடுத்தவர்களிடம் நாம் கேள்வி கேட்காமல் போய்விடுவோம்.

இறக்குமதி வந்தால் விலை குறையும். ஏழைக்கு அது நல்லதுதானே?

வாங்குபவருக்கு நல்லது, விற்பவருக்குக் கெட்டது. கிராமத்துக் குடும்பம் பெரும்பாலும் இரண்டுமாக இருக்கிறது என்பதுதான் சிக்கல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள சாகுபடி உடைமைகளில் 86 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஐந்து ஏக்கருக்குக் கீழே உள்ளவை. தமிழ்நாட்டின் சராசரி 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு நிலத்தில் விளைவதை விற்று, சாப்பாட்டில் பெரும்பகுதியைக் கடையில் வாங்குகிற வீடுகள்தான் அதிகம்.

இன்னொரு கணக்கும் கைவசம் இருக்க வேண்டும். 2018-19 வேளாண் ஆண்டுக்காக எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063 ரூபாய். பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். ஆடுமாட்டிலிருந்து வந்தது 1,582 ரூபாய். விவசாயி என்று பெயர் வாங்கிய வீட்டிலேயே பயிரைவிடக் கூலிதான் அதிகம் தருகிறது. விலை குறைந்ததா கூடியதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கூலியைப் பார்க்காமல் விடுவது, மூன்று வாசலில் ஒன்றைக் காணாமல் விடுவதாகும்.

எங்கள் வீடு விற்கிற வீடா வாங்குகிற வீடா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓராண்டுக்கு நோட்டுப் போட்டு எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு ஏக்கர் மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) போடும் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டு அம்மா மகனுடைய பழைய பள்ளி நோட்டில் கணக்கு எழுதினார். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை போன நாளில், வியாபாரி ஒரு கை காயை எடுத்து உடைத்து, பருப்பை மட்டும் நிறுத்துப் பார்த்து, பிறகு விலைச்சீட்டு எழுதிப் போட்டார். வெளியூர் எண்ணெய் ஆலைக்காரர்கள் அன்று என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்பது அவர் கைப்பேசியில் இருந்தது. அந்த விலையை முடிவு செய்வதில் துறைமுகத்தில் வந்து இறங்கும் பாமாயிலின் விலைக்கும் பங்கு உண்டு.

அதே மாதத்துப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருந்தது: ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர், கடை எண்ணெய் இரண்டு லிட்டர். சொந்த நிலத்து மல்லாட்டையை விற்றுவிட்டு, இறக்குமதி எண்ணெயில் தாளித்துச் சாப்பிடும் வீடு அது. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது, மலிவு எண்ணெயால் மிச்சமானதைவிட மல்லாட்டை விலையில் இழந்தது அதிகம். அதே தெருவில் நிலமில்லாத வீட்டு நோட்டில் எண்ணெய்க் கணக்கு நேர்மாறாக இருந்தது. ஒரே பொருள், ஒரே தெரு, இரண்டு விடைகள்.

நிலமே இல்லாதவருக்கு மலிவு எண்ணெய் லாபம்தானே? அவருக்கு ஏன் கவலை?

எண்ணெய்ச் செலவில் மட்டும் பார்த்தால் லாபம்தான். 2007-இல் தமிழ்நாட்டில் பாமாயிலும் துவரம்பருப்பும் ரேஷனில் வரத் தொடங்கிய பிறகு, கூலிக்காரர் வீட்டு அடுப்பில் அது உண்டாக்கிய நிம்மதியை நான் நேரில் கண்டவன். அதைச் சிறிதாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அவருக்கு மூன்றாவது வாசல்தான் பெரிய வாசல். மல்லாட்டைக்குக் களையெடுக்க, செடி பிடுங்க, காய் ஆய எனப் பெண்களின் கைகள் பல நாள்களுக்கு வேண்டும். அறுவடைக் காலத்தில் மரநிழலில் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்துவிட்டு, ஆய்ந்ததில் ஒரு பங்கைக் கூலியாக முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகளுக்கு வேகவைத்த காய், அடுத்த மாதத்துக்கு ஒரு கைப் பருப்பு எல்லாம் அதிலிருந்து வந்தன. நிலக்காரர் மல்லாட்டை கட்டுப்படியாகவில்லை என்று சவுக்கு வைத்துவிட்டால், அல்லது நிலத்தை மனையாக விற்றுவிட்டால், ஆண்டில் எத்தனையோ கூலி நாள்கள் சத்தமில்லாமல் மறைகின்றன. அந்தப் பெண்ணுக்கு எண்ணெயில் மிச்சமானது சில நூறு ரூபாய். இழந்தது ஒரு பருவத்தின் கூலி. விலைப்பட்டியலில் இந்த இழப்பு எங்கும் தெரியாது.

தமிழ்நாட்டில் மல்லாட்டை குறைந்ததற்குப் பாமாயில் மட்டும்தான் காரணமா?

இல்லை. அப்படிச் சொல்வது நியாயமாகாது. 1990-களின் தொடக்கத்தில் இருந்த பரப்பில் பாதிகூட இன்று இல்லை என்பது உண்மை. ஆனால் மழை தவறியது, நிலத்தடி நீர் இறங்கியது, நகரத்துக் கட்டட வேலைக்கு ஆள்கள் போனது, விதை விலை ஏறியது, நிலம் மனையானது ஆகியவையும் சேர்ந்தே நடந்தன. மல்லாட்டை எண்ணெயின் மணத்தை விரும்பி வாங்குபவர்கள் பாமாயிலுக்கு முழுவதும் மாறவும் இல்லை. மரச்செக்கு எண்ணெய்க்கு இன்று தனி விலை இருப்பதே அதற்குச் சான்று.

இருந்தாலும் ஒரு காலவரிசையை மறக்கக்கூடாது. 1986-இல் தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்பத் திட்டத்தால் 1990-களின் தொடக்கத்தில் நாடு ஏறத்தாழத் தன்னிறைவை எட்டியிருந்தது. இறக்குமதி மிகச் சொற்பம். 1998-99-இல் அது 40 லட்சம் டன்னைத் தாண்டியது. இன்று நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. மானாவாரி விவசாயி ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தார். விலை அவருக்குக் கைகொடுக்க வேண்டிய நேரத்தில் கையை விலக்கிக்கொண்டது.

ஏற்றுமதிக்குப் போகும் பயிரைப் போட்டால் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

விலை ஏறும்வரை தப்பிக்கலாம். நீலகிரியின் கதையைக் கேளுங்கள். உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைந்த சிறு நிலங்களில் படுகர் குடும்பங்கள் பெருமளவில் தேயிலை வைத்தன. சோவியத் ஒன்றியம் நம் தேயிலையை அளவுக்கு மிஞ்சி வாங்கிக்கொண்டிருந்தது. தரத்தைப் பற்றி அதிகம் கேட்கவும் இல்லை. அந்த நாடு 1991-இல் கலைந்தது. 1998-இல் ரஷ்ய நாணயம் சரிந்தது. பசுந்தேயிலை விலை இரண்டே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போயிற்று. தேயிலைச் செடியை ஒரு பருவத்தில் பிடுங்கிவிட்டுக் கேரட்டுக்குத் திரும்ப முடியாது. 2000-ஆம் ஆண்டில் மலை முழுவதும் போராட்டம் நடந்தது.

அப்போது பலரும் இலங்கையுடன் செய்த தடையற்ற வணிக ஒப்பந்தத்தையே குற்றம் சொன்னார்கள். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தம், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ தேயிலையைக் குறைந்த வரியில் கொண்டுவர அனுமதித்தது. இந்தியாவின் விளைச்சலோ 80 கோடி கிலோவுக்கு மேல். விலை விழுந்ததற்கு முதற்காரணம் உள்ளே வந்த இலை அன்று. வெளியே போக முடியாமல் நின்ற இலை. ஒரே நாட்டை நம்பியதும், மொட்டும் இலையுமாகக் கொய்யாமல் முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்ததும் அந்தச் சிறு விவசாயிகளை வெறுங்கையோடு நிறுத்தின. வலிக்கும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறொன்று என்பது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கிறது.

இறால் ஏற்றுமதியால் கடலோர ஊர்களுக்குப் பணம் வந்ததே, அதையும் குறை சொல்வீர்களா?

பணம் வந்தது உண்மை. யாருக்கு வந்தது என்பதே கேள்வி. 1990-களில் நாகப்பட்டினம் பகுதியில் நெல்வயல்களை வெளியூர்க்காரர்கள் வாங்கி இறால் குட்டை வெட்டினார்கள். நடவு, களை, அறுப்பு என்று ஊரே வேலை செய்த நிலத்துக்கு, குட்டையான பிறகு காவலுக்கும் தீவனம் போடவும் ஒரு சிலர் போதும். குட்டையின் உப்பு பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இறங்கியது. ஏற்றுமதிக் கணக்கில் டாலர் ஏறியபோது, அந்த ஊரின் நிலமற்ற குடும்பம் வேலையையும் தண்ணீரையும் இழந்தது.

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த மரபுசாராப் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் தனிச் சட்டம் வந்து, பதிவும் விதிமுறையும் கொண்ட வேறு வடிவில் இத்தொழில் தொடர்ந்தது. ஏற்றத்தாழ்வு எப்படிக் கூடுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

திருப்பூர் வந்திராவிட்டால் எங்கள் பிள்ளைகள் எங்கே போயிருப்பார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாய் சொன்னது முழுவதும் சரி. ஏற்றுமதிப் பின்னலாடை, மழை பொய்த்த ஊர்களின் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வாராவாரம் சம்பளம் கொடுத்தது. பல நாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முடிந்ததும் வாய்ப்பு மேலும் விரிந்தது. கிராமத்தில் கூலி ஏறியதற்கும், பண்ணையாரிடம் கையேந்தும் நிலை தளர்ந்ததற்கும், 'வேலைக்கு வராவிட்டால் திருப்பூர் போய்விடுவான்' என்ற எண்ணம் ஒரு காரணம். வர்த்தகம் ஏழைக்குக் கொடுத்த மிகப் பெரிய நன்மை எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

கூடவே இரண்டு விலைகளையும் எழுத வேண்டும். சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கீழ்க்கரை விவசாயிகள் நெடுங்காலம் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. மற்றொன்று, நூற்பாலைகளில் மூன்று ஆண்டு வேலை முடித்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி, ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை விடுதியில் அடைத்து வைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம். ஏற்றுமதிச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்.

நிச்சயமின்மையும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதமானபோது, அந்த அதிர்வு முதலில் முதலாளிக்குப் போகவில்லை. தினக்கூலிக்கு இருந்தவரின் ஷிப்ட் குறைந்தது.

1991-க்குப் பிறகு இந்தியாவில் வறுமை குறைந்துதானே இருக்கிறது? பிறகு எதற்கு இந்தக் குறை?

வறுமை குறைந்திருக்கிறது, அதில் ஐயமில்லை. எல்லா ஊர்களிலும் ஒரே வேகத்தில் குறைந்ததா என்பதுதான் ஆராய வேண்டியது. பெட்டியா டோபலோவா என்னும் பொருளியலாளர் இந்திய மாவட்டங்களை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மக்கள் எந்தத் தொழில்களில் இருந்தார்கள், அத்தொழில்களுக்கான வரி எவ்வளவு குறைந்தது என்று பொருத்தி, 1987-88-க்கும் 1999-2000-க்கும் இடையே வறுமை எப்படி மாறியது என்று பார்த்தார். வரிக்குறைப்பு அதிகம் தாக்கிய கிராமப்புற மாவட்டங்களில் வறுமை மெதுவாகவே குறைந்தது. சராசரி அளவு வரிக்குறைப்பைச் சந்தித்த மாவட்டத்தில், வரி மாறாத மாவட்டத்தை ஒப்பிட வறுமை சுமார் 2 சதவீதப் புள்ளி கூடுதல். அந்தப் பத்தாண்டில் நாடு கண்ட முன்னேற்றத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் இப்படித் தடைப்பட்டது என்பது அவர் கணக்கு.

இதைத் தவறாகப் படித்துவிடக் கூடாது. 'வர்த்தகத்தால் நாடு ஏழையாயிற்று' என்று அவர் சொல்லவில்லை. ஒரு மாவட்டத்தை இன்னொரு மாவட்டத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்; நாடு முழுவதுக்கும் பொதுவாகக் கிடைத்த நன்மை இந்த ஒப்பீட்டில் தெரியாது. ஆனால் அடி எங்கே விழுந்தது என்பது தெரிகிறது.

அந்த ஆய்வை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்களா?

இல்லை. ராணா ஹசன், தேவசிஷ் மித்ரா, பேய்ஸா உரால் ஆகியோர் 2007-இல் மாநில அளவிலும் வட்டார அளவிலும் பார்த்தபோது, வரிக்குறைப்பு வறுமையைக் கூட்டியதற்குச் சான்று கிடைக்கவில்லை. உள்நாட்டுத் தொழிலுக்கு இறக்குமதித் தடைகள் தந்த பாதுகாப்பை எப்படி அளப்பது, எவ்வளவு பெரிய பகுதியை அலகாகக் கொள்வது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. 1999-2000 கணக்கெடுப்பில் உணவுச் செலவைக் கடந்த 7 நாளுக்கும் 30 நாளுக்கும் சேர்த்துக் கேட்டதால், அந்த எண்களை முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிடுவதிலேயே நீண்ட வாதம் நடந்தது.

என் கருத்தைக் கேட்டால், மாவட்ட அளவிலான முடிவுக்கே அதிக எடை கொடுப்பேன். மாநிலம் என்பது பெரிய பாத்திரம். ஒரு பக்கத்து லாபமும் மறுபக்கத்து நட்டமும் அதில் கலந்து காணாமல் போய்விடும்.

ஒரு வேலை போனால் வேறு வேலைக்குப் போக வேண்டியதுதானே?

பாடநூலும் இதைத்தான் சொல்கிறது. மேலே சொன்ன ஆய்வு கண்ட முக்கியமான செய்தி, மக்கள் அப்படி நகரவில்லை என்பதே. நகராததற்குச் சோம்பல் காரணம் அன்று. வாங்கிய முன்பணக் கடன் உள்ளூரில் இருக்கிறது. வயதான மாமியாரும் கறவை மாடும் வீட்டில் இருக்கிறார்கள். வேறு ஊரில் வாடகைக்கு வீடு கேட்டால் சாதி கேட்கிறார்கள். நகரத்தில் வேலை பிடித்துத் தர ஏற்கெனவே அங்கே போன சொந்தக்காரர் வேண்டும். படித்தவரும் ஆணும் இளையவரும் முதலில் போகிறார்கள். அரை ஏக்கர் வைத்திருக்கும் நடுவயதுப் பெண் கடைசிவரை போக முடிவதில்லை. அடி அதிகம் விழுவதும் அவர் மேல்தான்.

இதன் நிழல் பிள்ளைகள் மேலும் விழுகிறது. எரிக் எட்மண்ட்ஸ், நினா பாவ்ச்னிக் ஆகியோருடன் சேர்ந்து டோபலோவா செய்த இன்னொரு ஆய்வில், வரிக்குறைப்பு கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் பள்ளிச் சேர்க்கை மற்ற இடங்களைப் போல உயரவில்லை, குழந்தை உழைப்பும் அந்த அளவுக்குக் குறையவில்லை என்று தெரிந்தது. பள்ளிக்கான செலவை மிச்சப்படுத்துவதே முதன்மையான காரணமாக இருந்தது. ஒரு விலைச்சரிவு சில ஆண்டுகளில் சரியாகிவிடலாம்; ஏழாம் வகுப்பில் நின்ற பிள்ளைக்கு அந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

வேறு நாட்டில் நன்றாக நடந்ததற்கு உதாரணம் உண்டா?

வியட்நாம். அரிசி ஏற்றுமதிக்கு இருந்த ஒதுக்கீடு 1990-களில் தளர்த்தப்பட்டது. உள்நாட்டு விலை ஏறியது. 1993-இல் 58 சதவீதமாக இருந்த வறுமை 1998-இல் 37 சதவீதமாயிற்று. கிராமத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போவது குறைந்ததில் 45 சதவீதத்துக்கு அரிசி விலை உயர்வே விளக்கம் தருகிறது என்று ஓர் ஆய்வு கண்டது. இதற்கு முன் நடந்ததைக் கவனியுங்கள்: கூட்டுப் பண்ணை நிலம் 1988 முதல் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. பெரும்பாலான வீட்டில் நிலம் இருந்ததால் அரிசி விலை ஏறியபோது பெரும்பாலான வீட்டுக்கும் லாபம் போனது. ஊரில் பாதிப்பேர் நிலமற்றவராக இருக்கும் தஞ்சை டெல்டாவில் அதே விலை உயர்வு வேறு விதமாகத்தான் பங்கிடப்படும்.

மெக்சிகோ மறுபக்கம். 1994-இல் அமெரிக்காவோடும் கனடாவோடும் ஒப்பந்தம் செய்தபோது மக்காச்சோளத்துக்கு 15 ஆண்டு அவகாசம் வாங்கினார்கள். அந்த அவகாசத்தைத் தாங்களே பயன்படுத்தாமல், ஒதுக்கீட்டுக்கு மேல் வந்த சரக்குக்கும் வரி விதிக்காமல் விட்டார்கள். விவசாயிக்கு விலை விழுந்தது. ஆனால் ஏழை வாங்கும் டோர்டில்லா ரொட்டியின் விலை அதற்கேற்ப இறங்கவில்லை, 1999-இல் அதற்கான மானியமும் போயிற்று. ஹெக்டேர் கணக்கில் கொடுத்த உதவித்தொகை நிலம் வைத்திருந்தவருக்குப் போயிற்று, கூலிக்காரருக்குப் போகவில்லை.

ஏழ்மை குறைந்தால் போதாதா? ஏற்றத்தாழ்வைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

ஏற்றத்தாழ்வு அடுத்த சுற்றில் யார் தப்பிப்பார் என்பதை முடிவு செய்கிறது. விலை ஏறும்போது குளிர்பதனக் கிடங்கும் லாரியும் வைத்திருப்பவர் லாபத்தை எடுக்கிறார். விலை விழும்போது கடன் வாங்கியவர் நிலத்தை விற்கிறார். அதை வாங்குபவர் பெரும்பாலும் முதலில் சொன்னவரே. இறால் குட்டைகளில் நடந்தது அதுதான்.

எண்களைப் படிக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். கிராமப்புறச் செலவு ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினிக் குறியீடு (எண் குறைந்தால் ஏற்றத்தாழ்வு குறைவு) 2022-23-இல் 0.266, 2023-24-இல் 0.237 என்று அரசு சொல்கிறது. இது செலவின் கணக்கு. பணக்காரர் செலவழிக்காமல் நிலமாகவும் தங்கமாகவும் சேர்ப்பது இதில் வராது. ஏழை கடன் வாங்கிச் செலவழிப்பது வந்துவிடும்.

இறக்குமதி வரியை ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

ஏற்றிய வரி நிலைத்து நிற்க வேண்டும், ஏறிய விலை விவசாயி கைக்கு வர வேண்டும். இரண்டும் எளிதில் நடப்பதில்லை. கச்சாப் பாமாயில் மீதான அடிப்படை வரி 2024 செப்டம்பரில் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. 2025 மே மாதத்தில் 10 சதவீதமாகக் குறைந்தது. இரண்டு பருவத்துக்குக்கூட நிற்காத வரியை நம்பி யார் மல்லாட்டை விதைப்பார்?

ஏற்றுமதிப் பக்கத்திலும் இதே நிலைதான். கோதுமை ஏற்றுமதியை 2022 மே 13 அன்று நிறுத்தினார்கள். பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு 2023 ஜூலையில் போட்ட தடை 2024 செப்டம்பர் வரை நீடித்தது. உலக விலை விழும்போது அந்த வீழ்ச்சி விவசாயிக்கு வந்துவிடுகிறது. ஏறும்போது கதவு மூடப்படுகிறது. வாங்கிச் சாப்பிடும் ஏழையைக் காக்க வேண்டும் என்பது நியாயமான காரணம்தான். அந்தச் செலவை அரசு கொள்முதலும் ரேஷனும் ஏற்க வேண்டும். சிறு விவசாயியின் விலையிலிருந்து பிடித்துக்கொள்வது எனக்கு ஏற்புடையதன்று.

பால் இறக்குமதி வந்தால் என்ன ஆகும்?

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், 16 நாடுகள் பேசிவந்த ஆசிய பசிபிக் வட்டார ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியபோது, பெரிதாகப் பேசப்பட்ட காரணங்களில் நியூசிலாந்துப் பால் பவுடரும் ஒன்று. முன்னே கொடுத்த வருமானக் கணக்கில் ஆடுமாட்டுக்கு இருந்த பங்கைத் திரும்பப் பாருங்கள். அந்தப் பணம் பத்து நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பெண்ணின் கைக்கு வரும் பணம். நிலமில்லாதவரும் ஒரு மாடு வளர்க்கலாம். எல்லாப் பொருளையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பதற்குப் பால் நல்ல காரணம். இதில் மெதுவாகப் போவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

புதிய ஒப்பந்தம் பற்றிச் செய்தி வந்தால் எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், விலக்குப் பட்டியலில், அதாவது வரி குறைக்கப்படாத பொருள்களின் பட்டியலில், உங்கள் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வரி ஒரே நாளில் போகிறதா, எத்தனை ஆண்டுகளில் படிப்படியாகப் போகிறதா, குறைந்த வரிக்கு அளவு வரம்பு உண்டா என்று கேளுங்கள். மெக்சிகோவில் நடந்ததைப்போல, எழுதிய வரம்பை அரசே தளர்த்துகிறதா என்பதையும் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும்.

பிறகு, பொருள் எங்கே விளைந்தது என்பதற்கான விதி. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக, இலங்கைச் சரக்கு என்ற பெயரில் சலுகை வரியில் வருகிறது என்று மிளகு விவசாயிகள் நெடுநாள் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைவான மிளகை இறக்குமதி செய்யக்கூடாது என்று அரசு அறிவித்தது அந்த முறையீட்டுக்குப் பிறகுதான். அவர்கள் கையில் இருந்தது சந்தை விலையை நாள்வாரியாகக் குறித்துவைத்த நோட்டு. எந்த மாதத்தில் கப்பல் வந்தது, எந்த மாதத்தில் விலை இறங்கியது என்று அதில் வரிசையாகக் காட்ட முடிந்தது. உங்கள் விற்பனைக்கூடத்துச் சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் தேதியோடு கோத்து வையுங்கள். கூலி நாள்களையும் அதே நோட்டில் எழுதுங்கள்.